பொனட்டைத் திறந்தால்: 1300 சிசி தானே, என்ன பெரிய செலவு?

வாகன இறக்குமதி 2020இல் நின்று 2025 பெப்ரவரியில் திரும்பவும் திறந்தது. புதுக் காரின் விலையைக் கேட்டுத் தலைசுற்றிப்போனவர்கள் பழைய காரின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள் போல. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஸ்போர்ட்ஸ் கார் பற்றியவை. ஆகவே லொறிக்காரர்களும் த்ரீவீல்காரர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.

"அண்ணே, எனக்கு வயது 27. ஹட்டனில் வேலை. கொழும்பில் 2005ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று விலைக்கு இருக்கிறது. மீற்றரில் 78,000 கிலோமீற்றர். சொல்லும் விலை ஒரு வேகன் ஆரை விடக் கொஞ்சம்தான் கூட. சி.ஆர். (வாகனப் பதிவு) புத்தகத்தில் 1300 சிசி என்றுதான் போட்டிருக்கிறது, அதனால் பெற்றோல் அவ்வளவு குடிக்காது என்கிறார் விற்பவர். என் சேமிப்பு முழுவதையும் போட்டு, மிச்சத்துக்கு அக்காவின் நகையை வைத்தால் வாங்கிவிடலாம். வாங்கலாமா?" (வாசகர், கொட்டகலை)

தம்பி, முதலில் அக்காவின் நகையை அக்காவிடம் கொடுங்கள். இன்னும் வாங்கவில்லை என்றால், கேட்டதையே மறந்துவிட்டதாகச் சொல்லிவிடுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

உங்களைத் திட்ட எனக்கு வாயில்லை. 2013இல் நானும் அதே காரை வாங்கினேன். சிவப்பு நிறம். அப்போதே எனக்குக் கராஜ் இருந்தது, கையில் தொழில் இருந்தது, அப்பா தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து சொல்லிக்கொடுத்த புத்தியும் இருந்தது. எல்லாம் இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. காரைப் பார்த்த அன்று அந்தப் பின்கதவு எதிர்ப்பக்கமாகத் திறந்ததில் மனசு போய்விட்டது.

சிசி கதைக்கு வருவோம். 1300 என்பது பொய்யில்லை. அந்த ரோட்டரி என்ஜினில் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி, கூட்டினால் 1308. ஆனால் ஆல்டோவின் என்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். இதில் ஷாஃப்ட் சுற்றும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் வெடிக்கும். ஒரே பானைதான், ஆனால் மற்ற வீட்டில் ஒரு உலை கொதிப்பதற்குள் இங்கே இரண்டு உலை. ஆகவே குடிக்கும் கணக்கில் அதை 2600 சிசி என்று வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்து பெற்றோல் செட்டில் குறைத்து அடிக்கப்போவதில்லை.

மலையில் என் கார் லீற்றருக்கு ஆறரை கிலோமீற்றர் கொடுத்தது. கொழும்புப் பக்கம் இறங்கினால் எட்டு. நீங்கள் மாதம் 1000 கிலோமீற்றர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். 154 லீற்றர். அதுவும் 95 ஒக்டேன் போடவேண்டிய கார். லீற்றர் 340 ரூபா என்று போட்டால் மாதம் 52,000 ரூபாவைத் தாண்டும். அதே தூரத்தை ஓர் ஆல்டோ 92 ஒக்டேனில் 17,000 ரூபாவுக்குள் ஓடிவிடும். வித்தியாசத்தை உங்கள் சம்பளச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். 2022 ஜூன் கடைசியில் 95 ஒக்டேன் லீற்றர் 550 ரூபாவுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் பெற்றோலுக்குக் கியூஆர் கோட்டா வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அந்தக் காரை அதற்குள் நான் விற்றிருந்தேன், கடவுள் காப்பாற்றினார். இருந்திருந்தால் அந்த 20 லீற்றர் ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகத்தான் போதும். திரும்பி வர அடுத்த வாரம்வரை காத்திருக்க வேண்டும்.

பெற்றோல் கண்ணுக்குத் தெரிகிற செலவு. எனக்குப் பயம் மற்றச் செலவுதான்.

இந்த என்ஜின் ஒயில் குடிக்கும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ரோட்டரின் மூன்று மூலைகளிலும் ஏபெக்ஸ் சீல் என்று மெல்லிய பட்டைகள் இருக்கின்றன. அவை காயாமல் இருக்க ஒரு பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும், அது பெற்றோலோடு எரிந்து போகும். என் காருக்கு 1500 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் போனது. ஆல்டோக்காரர்போல சர்வீஸுக்குச் சர்வீஸ் டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஒருநாள் அதன் நுனியில் ஒன்றும் இருக்காது. பெற்றோல் அடிக்கும் இரண்டு தடவைக்கு ஒரு தடவையாவது பார்க்கவேண்டும். முந்திய சொந்தக்காரர் பார்த்தாரா? அந்தக் கேள்விக்கு மீற்றரில் பதில் இல்லை.

பதில் இருக்கும் இடம், என்ஜின் உள்ளே அழுத்தத்தை எவ்வளவு பிடித்து வைக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட். சாதாரண கேஜை மாட்டி ஒரு எண்ணை எழுதித் தந்தால் நம்பாதீர்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், இரண்டு ரோட்டருக்கு ஆறு எண்கள் வரவேண்டும். அதற்கென்று தனிக் கருவி உண்டு. நிமிடத்துக்கு 250 சுற்றில், சதுர சென்ரிமீற்றருக்கு 6.9 கிலோ என்பது கம்பெனி சொல்லும் கீழ் எல்லை. இன்னொன்று, மலையில் இருக்கிறவர்கள் மறந்துவிடுகிற விஷயம்: நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 7.2 காட்டும் நல்ல என்ஜின் நுவரெலியாவில் ஆறுக்குக் கீழே காட்டும். அதைப் பார்த்துவிட்டு நல்ல காரைக் கழிக்கவும் வேண்டாம். நீங்கள் பார்க்கும் கார் கொழும்பிலேயே இருப்பதால் அங்கேயே டெஸ்ட் செய்யுங்கள், என்ஜின் சூடாக இருக்கும்போது.

டெஸ்டுக்கு விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லையா, அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

நான் அந்த டெஸ்டைச் செய்யவில்லை. அதுதான் என் கதை. நான் போனபோது கார் வாசலில் ஸ்டார்ட்டில் நின்றது. "உங்களுக்காக சூடாக்கி வைத்தேன்" என்றார் விற்றவர். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தேன், அப்போதும் அவர் சாவியைத் திருப்பவில்லை, என்ஜின் ஓட ஓடத்தான் பேரம் பேசினோம். முப்பது வருடத் தொழில்காரன் எனக்கு அது உறைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து கினிகத்தேனையில் டீ குடிக்க நிறுத்தினேன். பத்து நிமிடம்தான். திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. குளிர்ந்த என்ஜின் பிடிக்கும், சூடான என்ஜின் பிடிக்காது. சீல் போன ரோட்டரியின் முதல் அடையாளம் அது. நாற்பது நிமிடம் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைக்கார அம்மா மூன்றாவது டீயைக் காசு வாங்காமல் தந்தார்.

ஆகவே தம்பி, காரை நன்றாக ஓட்டிச் சூடாக்குங்கள், நிறுத்துங்கள், பத்து நிமிடம் விடுங்கள், திரும்ப ஸ்டார்ட் செய்யுங்கள். இந்த டெஸ்டுக்குக் காசு இல்லை.

சரி, என்ஜின் நல்லது என்றே வைப்போம். மலைக்கு வந்த பிறகு நல்லதாக இருக்குமா? இந்தக் கார் நிமிடத்துக்கு 9000 சுற்றுவரை போகச் செய்தது. சும்மா மெதுவாக உருட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே கரி படியும். அவ்வப்போது நன்றாக மிதித்து ஓட்டவேண்டும். எங்கே மிதிக்கப்போகிறீர்கள்? கொட்டகலையிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியில் சென்கிளயார் வளைவுகளில் முன்னால் ஒரு இ.போ.ச. பஸ், அதற்கு முன்னால் ஒரு கொழுந்து லொறி. இரண்டாம் கியர், மூன்றாம் கியர், இரண்டாம் கியர். பஸ் விலகினாலும் ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் தருவது 70. போதாததற்கு மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. ஜப்பானில் டைப் எஸ் மாடலுக்கு 250 குதிரை என்றார்கள். நுவரெலியா போய்ச் சேரும்போது அதில் ஐம்பது குதிரை வழியிலேயே இறங்கிவிட்டிருக்கும். அதை ஈடுகட்ட டேர்போவும் இல்லை. குதிரை குறைந்தால் தீனியாவது குறையுமா என்றால் அதுவும் இல்லை.

காலைக் குளிரை மறந்துவிடாதீர்கள். ஒருநாள் காலை கொழுந்து லொறிக்கு வழிவிட என் மச்சான் மகன் காரை ஸ்டார்ட் செய்து மூன்று அடி முன்னே எடுத்து நிறுத்திவிட்டான். நல்ல பிள்ளை, உதவி செய்தான். குளிர்ந்த ரோட்டரியை ஸ்டார்ட் செய்து சூடாகுமுன் நிறுத்தினால் உள்ளே பெற்றோல் தேங்கி பிளக் நனைந்துவிடும். மறுபடி ஸ்டார்ட் ஆகாது. எக்ஸிலரேட்டரை அடிமட்டம் மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் பெற்றோல் நின்று காற்று மட்டும் போகும். அதுவும் சரிவரவில்லை. நாலு பிளக்கையும் கழற்றி, துடைத்து, வெயில் வரும்வரை பொனட்டின் மேலே வரிசையாகக் காயவைத்தேன். அன்று வெயில் பதினொரு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் பட்டரியும் இறங்கிவிட்டது.

பிளக் நாலு, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலும் நாலு. கொயில் பலவீனமானால் எரியாத பெற்றோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டரைக் கருக்கிவிடும். அது கருகினால் எமிஷன் டெஸ்டில் நிற்பீர்கள். எமிஷன் இல்லாமல் ரெவனியூ லைசன்ஸ் இல்லை. ஒரு கொயிலில் தொடங்கி அரசாங்கம்வரை போகும் சங்கிலி அது.

டயர் 225/45, 18 அங்குல ரிம். ஹட்டனில் எந்தக் கடையிலும் அந்த அளவைக் கேட்டுப் பாருங்கள், "எடுத்துத் தரலாம்" என்பார்கள். எடுத்துத் தரலாம் என்றால் விலை கூட என்று அர்த்தம். பக்கச்சுவர் ஒடுக்கம், குழியில் விழுந்தால் அடியை ரிம்தான் வாங்கும். பெரும்பாலான கார்களில் ஸ்பெயார் வீலும் இல்லை, காற்றடிக்கிற ஒரு பெட்டிதான். தரைக்கும் காருக்கும் ஏறத்தாழ ஐந்து அங்குலம். உங்கள் வீடு தோட்டத்துக்குள் என்றால், பிரதான வீதியில் காரை விட்டுவிட்டு நடந்து போகவேண்டியதுதான்.

இனி என் கணக்கு. வாங்கிய நாள் முதல் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதினேன். அன்றைய ரூபா வேறு, இன்றைய ரூபா வேறு, அதனால் கார் விலை 100 ரூபா என்று வைத்துச் சொல்கிறேன். நாலு வருடத்தில், மாதம் எண்ணூறு கிலோமீற்றர் ஓட்டத்தில், பெற்றோல் 29 ரூபா. என்ஜினைக் கழற்றியது நான், திரும்பக் கட்டியது கொழும்பில் ரோட்டரி தெரிந்த ஒருவர், அது 20 ரூபா. இன்சூரன்ஸ், லைசன்ஸ், எமிஷன் 11. டயர் 5. கிளட்ச், பிரேக் 5. பிளக், கொயில் 3. ஊற்றிய ஒயில் 2. மொத்தம் 75. விற்றபோது கிடைத்தது 82, ஆகவே அதில் 18 போச்சு. 100 ரூபாக் காரை நாலு வருடம் ஓட்ட 93 ரூபா. என் கைக்கூலி இதில் இல்லை. உங்களுக்கு அது இருக்கும்.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. காரின் விலையைக் கொடுத்த பிறகும் ஒரு என்ஜின் கட்டும் காசு உங்கள் வங்கிக் கணக்கில், உங்கள் சொந்தக் காசாக இருந்தால், ஆறு எண்களும் சரியாக இருந்தால், வேலைக்குப் போக மோட்டார் சைக்கிள் ஒன்றும் இருந்தால், வாங்குங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையும் ஒரு தடவை கூப்பிடுங்கள். சேமிப்பு முழுவதையும் விலைக்கே கொடுத்தால் காரை வாங்கலாம், வைத்திருக்க முடியாது.

"என் கணவர் 1990களின் மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று வைத்திருக்கிறார், மேலே துணிக்கூரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஹப்புத்தளைவரை போய் வருவார். ஓடாத காருக்கு என்ன செலவு என்று கேட்கிறார். ஆனால் மாதாமாதம் ஏதோ ஒரு பில் வருகிறது." (வாசகி, பண்டாரவளை)

தங்கச்சி, பொய் சொல்கிறார் என்று நினைக்கவேண்டாம். அவரும் நம்பித்தான் சொல்கிறார்.

ஓடாத கார் கிலோமீற்றரால் தேயாது, நாளால் தேயும். பிரேக் ஒயில் சும்மா நின்றாலும் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். ஹப்புத்தளையிலிருந்து பெரகலைப் பக்கம் இறங்குபவர் என்றால் இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. டைமிங் பெல்ட்டும் அப்படித்தான். 100,000 கிலோமீற்றர் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக் கார் அதை எட்டப் பல பத்து வருடம் ஆகும், ரப்பர் அதுவரை பொறுக்காது. எப்போது மாற்றியது என்று பில் இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றும்போது வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள், இரண்டுக்கும் கழற்றும் வேலை ஒன்றுதான்.

நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. துணிக்கூரை மடியும் இடத்தில், சீட்டுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் இறங்க இரண்டு பக்கமும் துவாரம் இருக்கும். காரை மரத்தடியில் விடுகிறாரா? சவுக்குச் சருகு அந்தத் துவாரத்தை அடைத்துவிடும். தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிப் பகுதியில் தேங்கி, உள்ளேயிருந்து துருவைக் கொண்டுவரும். வெளியே பெயின்ட் பளபளக்கும், பின்சில்லுக்கு முன்னால் விரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். நல்லவேளை, பண்டாரவளைக் காற்று நுவரெலியா அளவுக்கு ஈரமில்லை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயை விட்டு மெதுவாகத் துழாவி, ஒரு ஜக் தண்ணீர் ஊற்றுங்கள். காருக்கு அடியில் தண்ணீர் வரவேண்டும். வராவிட்டால் அன்றே கராஜுக்கு. ஒரு ஜக் தண்ணீரில் முடிகிற வேலை, விட்டுவிட்டால் வெட்டி வெல்டிங் வைத்து பெயின்ட் அடிக்கிற வேலை.

இதை அவருக்கு வாசித்துக் காட்டவேண்டாம். புத்தகத்தை இந்தப் பக்கத்தில் மடித்து டீவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

"டொயோட்டா எம்ஆர்-2 வைத்திருக்கிறேன். மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியில் ஒரு தடவை ஓட்ட ஆசை. ஒரு நாள்தானே, என்ன பெரிய செலவு?" (வாசகர், நுவரெலியா)

1934இலிருந்து நடக்கும் போட்டி, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் போட்டியில் நடப்பதற்குப் பொறுப்பேற்காது, அதை முதலில் உங்கள் பாலிசியில் வாசியுங்கள். ஏற்றம் சில நிமிடம்கூட இல்லை. அந்த நிமிடத்துக்கு ஹெல்மெட், ஹார்னஸ், நல்ல டயர், பிரேக் பேட், ஒரு கிளட்சின் ஆயுளில் பாதி. என்ஜின் பின்னால் உள்ள கார், ஈர வளைவில் எக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். முதல் வருடம் மேட்டில் நின்று பாருங்கள். டிக்கெட்டும் ஒரு பொட்டலம் கடலையும்தான் செலவு.

"ட்ரெட் நன்றாக இருக்கும் பழைய டயரோடு கார் வாங்கினால் டயர் செலவு மிச்சம்தானே?" (வாசகர், தலவாக்கலை)

டயரின் பக்கச்சுவரில் டொட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஸ்போர்ட்ஸ் கார்களில் ட்ரெட் புதிதாகவும் ரப்பர் கிழவனாகவும் இருப்பது வழக்கம், ஏனென்றால் அவை ஓடியதில்லை. அந்த நாலு டயரின் விலையையும் கார் விலையில் கழித்துக் கேளுங்கள்.

"முன்பு உங்களிடம் இருந்த சிவப்பு ஆர்எக்ஸ்-8இல் ஒருநாள் மஸ்கெலியாவுக்கு வந்தீர்கள், எங்கள் பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்றோம். அந்தக் கார் இப்போது எங்கே?" (வாசகர், மஸ்கெலியா)

2017இல் விற்றேன். வாங்கியவர் நீர்கொழும்புப் பக்கம், சமதரை, அதுவே அந்தக் காருக்கு நல்ல இடம். ஒவ்வொரு பில்லும் ஒட்டி, ஒவ்வொரு ஒயில் லீற்றரும் எழுதிய கொப்பியைக் காட்டினால் மனுஷன் நம்பி நல்ல விலை தருவார் என்று நினைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். என்ஜின் கட்டிய பில்லைப் பார்த்துத் தலையாட்டினார். கடைசிப் பக்கத்தில் நான் கூட்டிப்போட்டிருந்த மொத்தத்தைப் பார்த்தார். கொப்பியை மூடி என் கையில் தந்துவிட்டு, "இவ்வளவு செலவு வைக்கிற காரா?" என்று கேட்டு, பேசியிருந்த விலையில் எழுபத்தையாயிரம் குறைத்தார்.